கண்ணில் கண்ணாடி இருக்கும்போது

எங்கள் குடும்பத்தில் அவனை ரேடியோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் கூடப்பிறந்த அக்காவின் கடைசிப் பிள்ளை. அக்காவுக்கு முதலில் ஒரு பெண், நடுவில் இரண்டு தங்காமல் போயின, எட்டு வருஷம் கழித்து இவன் பிறந்தான். இவனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது அக்கா கண்ணை மூடிவிட்டாள். அத்தான் அதற்கு இரண்டு வருஷம் முந்தியே போய்ச் சேர்ந்திருந்தார். என் வீட்டுக்கு வாருங்கள் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன். பதினேழு வயதுப் பெண், வாசலில் நின்றபடியே சொன்னாள்: "உங்களுக்கே மூணு இருக்கு சித்தி. இவனை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, தம்பியும் கூட வருவான், சம்மதமா என்று மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டாள். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மற்றவர்கள் மூன்று மணி நேரம் பேசிய அந்தக் கூடத்தில் அவர் பேசியது ஒரே ஒரு சொல்: "வரட்டும்."

அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ரேடியோ சாகிறவரைக்கும் கடமைப்பட்டவன். அதை அவனே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். எதையும் ஆயிரம் தடவை சொல்வது அவன் வழக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு கடைகளுக்கு நடுவே இருந்த இடுக்கை அடைத்து, பீரோ அகலத்தில் ஒரு சாவிக்கடை வைத்திருந்தான். ஒருவன் உட்கார்ந்தால் இன்னொருவன் நிற்க இடமில்லை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவி. மெஷின் கிறீச்சிடும், அதற்கு மேல் இவன் குரல் கேட்கும். சாவியைத் தொலைத்துவிட்டு வந்தவன் சாவியோடு ஊர்க்கதையும் வாங்கிக்கொண்டு போவான். "ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டறியே, உன் வாய்க்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "மாட்டலாம் சித்தப்பா. சாவி அக்கா கையில போயிடுமே. அப்புறம் யார் திறக்கறது?" என்பான். இரண்டு இடத்தில் பெண் கேட்டுப் போனோம். இரண்டு இடத்திலும் பெண் வாயைத் திறக்க இவன் இடம் கொடுக்கவில்லை. மூன்றாவது இடத்துக்குப் போக எங்களுக்கே தெம்பில்லை. அப்படியே இருந்துவிட்டான். கடைக்கு மேலே ஓர் அறை, ராத்திரிச் சாப்பாடு அவன் அக்கா வீட்டில். அக்காவுக்கும் பிள்ளை கிடையாது. ஆக அந்த வீட்டுக்கு இவன்தான் பிள்ளை, இவன்தான் தம்பி, இவன்தான் விருந்தாளி.

லிஃப்ட்காரர் அப்படியே நேர்மாறு. லிஃப்ட் கூண்டுக்கு மேலே இருட்டில் உட்கார்ந்து கம்பி ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவாராம். அந்தப் பொறுமை அவரைப் பறவை பார்ப்பதில் கொண்டுபோய் விட்டது. அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் கொக்கு.

அவர்கள் ஊர்த் தண்ணீர் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி உண்டு. மரமெல்லாம் இலையைக் கொட்டுகிற காலத்தில், வடக்கே குளிர் பொறுக்காத பறவைகள் தெற்கே போகிற வழியில் அங்கே இறங்கி இளைப்பாறும். ஏழெட்டு வாரம்தான். அந்த ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்குக் காவலாளி பின்வாசலைத் திறந்துவிடுவார். பழைய பம்ப் காவலுக்குக் கட்டிய தகரக் கொட்டகையில் கண் உயரத்துக்கு நீளமாக ஒரு திறப்பு வெட்டி, கீழே முழங்கை ஊன்றப் பலகை அடித்து, ஒரு பெஞ்சும் போட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து தொலைநோக்கியில் (கண்ணாடி என்பார்கள் அவர்கள்) பார்ப்பதும், எத்தனை மணிக்கு என்ன பறவை, எத்தனை என்று நோட்டில் எழுதுவதும்தான் வேலை. அலுவலகக் குமாஸ்தா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தபால்காரர் என்று ஒரு கூட்டம். இதில் என்ன கிடைக்கிறது என்று நான் கேட்டதற்கு லிஃப்ட்காரர் சொன்னார்: "ஒண்ணும் கிடைக்காது. அதுதான் நல்லாருக்கு."

ரேடியோவும் லிஃப்ட்காரரோடு, அவனுக்கு மாமா, போக ஆரம்பித்தான். மாமா எங்கே போனாலும் பின்னாலேயே போகிறவன். போன முதல் வாரமே, நீரோரம் இறங்கியிருந்த உள்ளான் பறவைக் கூட்டத்தைப் பார்த்து, "யப்பா, எவ்வளவு!" என்று கத்தி அத்தனையையும் கிளப்பி விட்டான். வேன்காரர் நோட்டில் எழுதினார்: "7.15, உள்ளான், அறுபது. 7.16, ரேடியோ, ஒன்று. 7.17, உள்ளான், இல்லை." அந்தப் பக்கத்தை எல்லோரும் வருஷக்கணக்கில் எடுத்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அதற்கப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. போட்டவர் லிஃப்ட்காரர். கண்ணில் கண்ணாடி வைத்திருக்கிற ஆளிடம் யாரும் பேசக்கூடாது, தொடக்கூடாது, அவரும் பேசக்கூடாது. கண்ணை எடுத்த பிறகுதான் எல்லாம். மீறினால் அன்றைக்கு எல்லோருடைய சாமானையும் வாசல்வரை அவன்தான் சுமக்க வேண்டும், கொட்டகையையும் கூட்ட வேண்டும். இரண்டு வருஷம் ரேடியோதான் சுமந்தான், ரேடியோதான் கூட்டினான். "பேசாம அவனுக்கே சம்பளம் போட்டுடலாம்" என்று தபால்காரர் சொல்வாராம்.

மூன்றாவது வருஷம் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வருஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டேன் பாருங்கள் என்று அக்காவிடம் பந்தயமே கட்டினான். ஐந்து ஞாயிறு ஓடியது. பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அக்கா, "என்னங்க, நெசமாவா? இவனா?" என்று கேட்பாள். லிஃப்ட்காரர் தலையை ஆட்டுவார். "மாப்ள தேறிட்டான்" என்றாராம் ஒருநாள். அவர் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வார்த்தையை இவன் பட்டம் வாங்கினவன் போல என் வீடுவரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஆறாவது ஞாயிறு. இனி நான் சொல்லப்போவதை ரேடியோவே என்னிடம் சொன்னான். ஒரே தடவைதான் சொன்னான்.

அன்றைக்குக் குளிர் கடுமை, மற்றவர்கள் வரவில்லை. வேன்காரருக்குக் காலையில் வெளியூர்ச் சவாரி. முடித்துவிட்டு வருகிறேன் என்றிருந்தார். கொட்டகையில் மாமாவும் இவனும் மட்டும். மூலையில் சுவரை ஒட்டி எப்போதும் போல லிஃப்ட்காரர். அவருடைய பெரிய தொலைநோக்கி முக்காலியில் நின்றது. இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றி, நெற்றியைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறே முக்காலுக்கு ஊசிவால் வாத்து நாற்பத்தொன்று என்று நோட்டில் எழுதினார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், பென்சில் கீழே விழுந்து உருண்டது. அவர் எடுக்கவில்லை.

இவன் பார்த்தான். மாமா பென்சிலை விட்டுவிட்டுப் பார்க்கிறார் என்றால் ஏதோ பெரிய சரக்கு மாட்டியிருக்கிறது என்று நினைத்தான். தொலைநோக்கி எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமே தன் கண்ணாடியைத் திருப்பினான். தண்ணீர், கோரை, அந்தக் கரையில் ஒரு கம்பம். வேறொன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

அப்போதுதான் லிஃப்ட்காரர் ஒரு சத்தம் கொடுத்தார். "ம்ம்ம்" என்று. மேலே எழும்பி, கடைசியில் கீழே இறங்குகிற மாதிரி. திரும்பிப் பார்த்தான். கண் தொலைநோக்கியில்தான் இருந்தது. இவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டம் போட்ட மனுஷரே சட்டத்தை மீறிவிட்டார், இன்றைக்கு மூட்டை தூக்கப்போவது கொக்குதான்! விரலை உதட்டில் வைத்து, சிரித்துக்கொண்டே, "ஷ்ஷ்" என்றான்.

அப்புறம் சத்தம் வரவில்லை.

எட்டு மணிக்குப் பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினான். ஒன்றை மாமாவின் முழங்கைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தான். ஆவி அடங்கி, ஆடை படிந்து, அது அப்படியே இருந்தது. தேநீர்கூட வேண்டாம் என்கிறாரே, அப்படி என்ன பறவையோ என்று வயிற்றெரிச்சல் பட்டானாம். ஒன்பது, ஒன்பதரை, பத்து. மாமா பார்க்கிற பறவையை எப்படியும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று, மாமா எதையும் பார்க்காமல் சாய்ந்திருந்த அந்த மூன்றரை மணி நேரமும் ஏரியை அங்குலம் அங்குலமாகத் தேடினான்.

பத்தரைக்கு வேன்காரர் வந்தார். கதவு மூலைக்குப் பக்கத்தில். லிஃப்ட்காரரின் முகத்தில் ரேடியோ இருந்த இடத்திலிருந்து தெரியாத பக்கம் அவருக்குத் தெரிந்தது. வாய் ஒருபக்கம் இழுத்து, எச்சில் வழிந்து பலகை ஈரமாகியிருந்தது.

"அட பாவி, என்னடா பண்ணிட்டு இருக்கே பக்கத்துல உக்காந்து!" என்று வேன்காரர் அலறினார்.

அந்த அலறலில் ஏரியே எழுந்தது. அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் கிளம்பின. "நான் முதல்ல மேலதான் பாத்தேன் சித்தி," என்றான் என்னிடம். "மாமாவைப் பாக்கலை. மேல பாத்தேன்."

வேனிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பதினொன்று இருபத்தைந்து. கடையடைத்த தெருவெல்லாம் ஓடிவந்து அக்காவும் சேர்ந்துகொண்டாள், ஒரு கால் செருப்பு இல்லாமல். பெண் டாக்டர், சின்ன வயசு. கேட்ட முதல் கேள்வி: "கடைசியா இவர் நல்லா இருந்ததை யார் பாத்தீங்க? எத்தனை மணிக்கு?"

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வேன்காரரும் பார்த்தார்.

"பத்து மணி இருக்கும்," என்றான் ரேடியோ. "பத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்."

"நல்லதாப் போச்சு, நேரம் இருக்கு," என்றார் டாக்டர். தலையைப் படம் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு டாக்டர் அக்காவிடம் விளக்கினார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. கரைப்பதற்கு ஊசி இருக்கிறது. தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டிப் போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்து ஆளையே கொன்றுவிடலாம். இங்கே கையெழுத்துப் போடுங்கள்.

அக்கா போட்டாள். போட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைடா, நீ பக்கத்துல இருந்தே," என்றாள்.

அவன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். ஆறு ஐம்பதிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் பதினொன்று இருபது. வாசலுக்குள் நுழையும்போதே தாண்டிவிட்டது. நர்ஸ் தட்டில் மருந்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர், பத்து மணி இல்லை," என்றான். "ஆறு அம்பது."

"என்ன சொல்றீங்க?"

"ஆறு அம்பதுக்குப் பென்சில் விழுந்துச்சு. அதுக்கப்புறம் அவர் அசையலை. நோட்டுல இருக்கு, பாருங்க. ஆறே முக்காலுக்கு அப்புறம் எழுதவே இல்லை."

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நர்ஸிடம் கையைக் காட்டினார். தட்டு திரும்பிப் போயிற்று. அக்கா அவன் கையை விட்டாள். தட்டிவிடவில்லை, அறையவில்லை. அவ்வளவு நேரம் பிடித்திருந்ததை விட்டாள், அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போயிற்று. "ம்ம்ம்" மட்டும் மிஞ்சியது.

ஒரு வருஷத்துக்கு மேல் அக்கா தம்பியோடு பேசவில்லை. அவன் நாள் தவறாமல் போனான். மாமாவைத் தூக்கி உட்காரவைப்பான், முகம் மழிப்பான், துணி மாற்றுவான். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவான். கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அடுத்த குளிரும் போய், வெயில் வந்தபோது ஒருநாள் அவள் வாயைத் திறந்தாள். "டேய், அந்த பக்கெட்டைத் தள்ளி வை" என்றாளாம். அதைச் சொல்ல அன்றைக்கே பேருந்து பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டான். பழையபடி பேச ஆரம்பித்தாள். அதோடு நிற்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி தப்புப் பண்ணினான்தான். ஆனா அத்தனை பேர் முன்னாடி உண்மையை ஒத்துக்கிட்டான். அவன் மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா ஊசியைப் போட்டே கொன்னிருப்பாங்க. இவர் உயிரோட இருக்கறதே அவன் சொன்ன சொல்லாலதான்" என்று சொன்னாள். என்னிடமும் சொன்னாள். பக்கத்தில் அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி இலை கொட்டுகிற காலம் வந்தது. ஒரு சாயங்காலம் அக்கா அடுப்படியில் இருந்தாள், இவன் மேசையில். உள் அறையிலிருந்து சத்தம் வந்தது. மேலே எழும்பிக் கீழே இறங்குகிற "ம்ம்ம்". இவன் சொம்போடு எழுந்தான்.

"அது தண்ணி இல்லடா," என்றாள் அக்கா. இத்தனை நாளில் அவள் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "தண்ணின்னா குட்டையா ரெண்டு தடவை வரும். ஜன்னல்னா ஒரே இழுப்பு. இது வேற. பயந்துட்டா இப்படி. பக்கத்துல வான்னு கூப்பிடறார்."

இவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"அக்கா, இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன்."

"தினம்தான் கேக்கறே."

"கொட்டகையில. அன்னிக்கு. பென்சில் விழுந்த கொஞ்ச நேரத்துல."

அவள் கரண்டியோடு திரும்பினாள். "கேட்டியா? கேட்டு என்ன பண்ணினே?"

"ஷ்ஷ்-னு சொன்னேன்." மீதியையும் சொன்னான். "சிரிச்சுக்கிட்டே சொன்னேன் அக்கா."

அவள் அடுப்பை அணைத்தாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து லிஃப்ட்காரரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கியது. அங்கிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சாப்பாடு மேசையில இருக்கு. சாப்பிட்டுப் போ. நாளையிலிருந்து வராதே."

இதை அவனும் என்னிடம் சொன்னான், அவளும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு வார்த்தை மாறவில்லை.

நான் அவனைத் திட்டினேன். "ஏண்டா, அவதான் மன்னிச்சு சேத்துக்கிட்டாளே. இதையும் எதுக்குப் போய்ச் சொன்னே? மாமாவாலயும் சொல்ல முடியாது, வேற யாருக்கும் தெரியாது. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"பாதிக்குத்தான் சித்தி மன்னிச்சா. நான் முழுசையும் வாங்கி வெச்சுக்கிட்டு அங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன்," என்றான். "மாமா பாத்துக்கிட்டே இருப்பார். அவ என்னைப் புகழும்போதெல்லாம் என்னைத்தான் பாப்பார். கோவமா இல்லை. அப்படி இருந்தாத் தேவலை. எப்ப சொல்லப் போறேங்கற மாதிரி பாப்பார்."

அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் மூன்று வருஷம் இருந்தார். தூக்கிவிட ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாள் அக்கா. ரேடியோ தெருமுனைவரை வந்து, ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். லிஃப்ட்காரர் போன செய்தியை வேன்காரர்தான் கடைக்கு வந்து அவனிடம் சொன்னார். வந்தான். யாரும் தடுக்கவில்லை, அவளும் தடுக்கவில்லை. நாற்காலி போட்டிருந்த வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வேறு இடமும் இல்லை. உட்கார்ந்தான். காலையிலிருந்து உடலை எடுக்கும்வரை இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு தடவை தண்ணீர் குடித்தாள்; குடித்த டம்ளரை அவன்தான் வாங்கிக் கீழே வைத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

எல்லாம் முடிந்து நான் கிளம்புகிற அன்று அவளிடம் கேட்டேன். நானும் இன்னும் எத்தனை நாள் இருப்பேனோ, கேட்காமல் போனால் நெஞ்சு வேகாது.

"ஒரு வார்த்தை பேசினா என்னம்மா? அவனுக்கு உன்னை விட்டா யார் இருக்கா?"

லிஃப்ட்காரரின் சட்டைகளை அவள் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். வலது கைப்பக்கம் மட்டும் எல்லாச் சட்டையிலும் தேயாமல் புதிதாக இருந்தது.

"பேசினா மனசு ஆறிடும் சித்தி," என்றாள்.

"ஆறட்டுமே. உன் தம்பிதானே?"

"தம்பிங்கறதாலதான். வேற யாராவதா இருந்தா எப்பவோ மறந்திருப்பேன்."

அடுத்த சட்டையை எடுத்தாள். நான் என் பையை எடுத்துக்கொண்டேன். பேருந்துக்கும் நேரமாகிவிட்டது.